தூளிக் கயிறும் தாழ்ந்த ஒலியும்

இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு, நவம்பர்த் திங்கள் இருபத்திரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை. வைகறை முதலே ஸ்ரீவில்லிபுத்தூரில் மழை பெய்வதும் ஓய்வதுமாக இருந்தது. மேற்கே மலை நின்ற இடத்தில் மேகம் மட்டுமே நின்றது. ஆண்டாள் கோயில் கோபுரத்தின் மேல்நிலைகள் சாம்பல் நிறத்தில் கரைந்துபோயிருந்தன. காற்றும் இல்லை, வெயிலும் இல்லை.

அன்று காலை எட்டு மணிக்கு, இராசபாளையத்து நூற்பாலை ஒன்றில் இரவுப் பணியை முடித்து, ஆலைப் பேருந்திலிருந்து இறங்கி, தன் வீட்டு வாசற்படியில் கால் வைத்த அக்கணத்தில், பாண்டிதுரையின் காதுகளுக்குள் பதினான்கு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் நின்றுபோயிற்று.

படிப்படியாகக் குறையவில்லை. யாரோ விசையை அழுத்தி நிறுத்தியதுபோல நின்றது.

நூற்பாலைத் தொழிலாளர் யாவரும் இவ்விரைச்சலை அறிவர். ஆலைக்குள் எட்டு மணி நேரம் கேட்கும் எந்திரங்களின் ஒலி, பணி முடிந்தபின்னும் காதைவிட்டு அகலாது வீடுவரை உடன்வரும். முதலிரண்டு ஆண்டுகள் அது தொல்லை, அதன்பின் துணை. பாண்டிதுரையின் செவிகள் உயர்ந்த, கூரிய ஒலிகளை எப்பொழுதோ இழந்துவிட்டன. குக்கரின் விசில் அவனுக்கு இல்லை. பேருந்தின் ஊதுகுழல் இல்லை. ஒன்பது மாதம் முன்பு பிறந்த தன் மகள் அகல்யாவின் அழுகையை அவன் ஒருமுறையேனும் கேட்டதில்லை. அவள் முகம் சிவப்பதையும், வாய் திறப்பதையும், உள்நாக்கு நடுங்குவதையும் கண்டிருக்கிறான்; அவ்வளவே. ஆயினும் அந்த இரைச்சல் இருந்தது. பகலில் அதைப் போர்த்திக்கொண்டே அவன் உறங்கிவந்தான்.

அன்று உறக்கம் வரவில்லை.

அவர்களுடைய வீட்டு ஏற்பாடு பின்வருமாறு. மனைவி கல்பனா, கோயிலுக்கு அருகில் பால்கோவா தயாரிக்கும் இடமொன்றில் பொட்டலமிடும் பணிக்கு ஒன்பது மணிக்குப் புறப்படுவாள். மூன்று மணிக்குத் திரும்புவாள். அவளுடைய தாயார் கூமாப்பட்டியில் படுக்கையில் கிடக்கும் கணவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால், உதவிக்கு வர இயலவில்லை. எனவே அந்த ஆறு மணி நேரமும் குழந்தை பாண்டிதுரையின் பொறுப்பு. விட்டத்துக் கொக்கியிலிருந்து தொங்கும் சேலைத் தூளியில் அவளைக் கிடத்தி, தூளியில் கட்டிய கயிற்றின் மறுமுனையைத் தன் வலக்காற் பெருவிரலில் முடிந்துகொண்டு, கீழே பாயில் படுத்துக்கொள்வான். ஊரில் பலரும் தூளியை ஆட்டுவதற்காகக் காலில் கயிறு கட்டுவார்கள். அவன் கட்டியது மற்றொன்றுக்காகவும்தான். குழந்தை புரண்டால் கயிறு அசையும், விரல் உணரும், விழித்துக்கொள்வான். காது செய்யவேண்டிய வேலையை விரல் செய்தது.

பகலில் உறங்காவிட்டால், இரவில் எந்திரம் கையை எடுத்துக்கொள்ளும். பகலில் அளவுக்கு மீறி உறங்கிவிட்டால், குழந்தைக்கு என்ன நேர்ந்தாலும் தெரியாது. இவ்விரண்டிற்கும் நடுவே, ஒரு விரற்கடை அகலமுள்ள வரப்பில் அவன் ஒன்பது மாதங்களாக நடந்துகொண்டிருந்தான்.

அன்றிரவு, நின்றபடியே கண்ணயர்ந்து, அறுந்த நூலை ஒட்டச் சென்ற அவன் கை நூல் சுற்றிச் சுழலும் கதிர்களுக்குள் சரிந்தது. சட்டைக் கைமுனை கிழிந்ததோடு போயிற்று. மேற்பார்வையாளர் சுந்தரபாண்டியன் அவனைக் கதவுக்கு வெளியே அழைத்துவந்து நிறுத்தினார்.

"இன்னொரு மட்டம் நின்னுக்கிட்டே தூங்குறதப் பாத்தேன்னா, கேட்டுக்கு வெளியதான் படுக்கணும். அங்க எம்புட்டு நேரம் வேணாலும் தூங்கு, நான் எழுப்ப மாட்டேன்."

பாண்டிதுரை தலையசைத்தான். அவமானமாக இருந்திருக்க வேண்டும். அவனுக்கு எதுவும் தோன்றவில்லை. கிழிந்த சட்டையையும், அதற்குள் முழுமையாக இருந்த தன் கையையும், வேறொருவருடையதைப்போல் பார்த்துக்கொண்டு நின்றான்.

எந்திரங்களுக்கிடையே எவரும் குரலை வீணாக்குவதில்லை; உதடுகளை அசைப்பார்கள், மற்றவர் படித்துக்கொள்வார். அடுத்த எந்திரத்தில் நின்ற பேச்சிமுத்து அவ்வாறே உதடுகளால் கேட்டான்.

"என்னலே, தூக்கம் இல்லையா?"

"வீட்டுல சத்தம் இல்லலே."

"அம்புட்டுத்தானா? இங்க சத்தத்துக்கா பஞ்சம்! போன்ல புடிச்சிட்டுப் போ. பொறவு போட்டுக் கேட்டுக்கிட்டே தூங்கு."

கைப்பேசியை ஆலைக்குள் கொண்டுவரக்கூடாது என்பது விதி. ஆகையால் அதிகாலை நான்கு மணியளவில், எவர் கண்ணிலும் படாத இடமாகத் தேடி, கடைக்கோடியில் நின்ற பதினோராம் எண் எந்திரத்தின் மேல் அதை மறைத்துவைத்தான். அந்த எந்திரம் ஓராண்டாக ஓடவில்லை. ஏன் நிறுத்தினார்கள் என்று யாரும் கேட்டதுமில்லை, யாரும் சொன்னதுமில்லை. தேநீர் வேளையில் கால் வலிக்கும் பெண்கள் மற்ற எந்திரங்களின் ஓரத்தில் சாய்வார்கள், அதன்மேல் சாய்வதில்லை. இருபது நிமிடங்கள் கழித்துக் கைப்பேசியை எடுத்தபோது, அது உள்ளங்கையில் சில்லென்று இருந்தது. ஆலைக்குள் எப்பொழுதும் புழுக்கம். அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

சனிக்கிழமை வீட்டில் அந்தப் பதிவை ஒலிக்கவிட்டான். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அத்தனை எந்திரங்களும் ஒரு கொசுவாகச் சுருங்கிவிட்டிருந்தன. அடியொலி முற்றிலும் இல்லை. அவனுக்கு எஞ்சியிருந்ததோ அடியொலி ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை கல்பனாவுக்கு விடுமுறை. குழந்தையை அவளிடம் விட்டுவிட்டு, அவன் இராசபாளையம் சென்றான். பஞ்சு மார்க்கெட்டுக்கு அருகே, முஹம்மது அனஸ் என்பவர் நடத்தும் கைப்பேசிக் கடைக்குள் நுழைந்தான். ஈரக் குடைகளின் வாடையும் புதிய நெகிழியின் வாடையும் ஒன்றோடொன்று கலந்து கடையை நிறைத்திருந்தன.

"வாங்கண்ணே. ஹெட்போனு பாட்டுக்கா, பேசுறதுக்கா?"

"தூங்குறதுக்கு."

அனஸ் சிரித்துவிட்டார். "தூங்குறதுக்கு எங்க வாப்பாவ கத சொல்லச் சொன்னாப் போதுமேண்ணே, அஞ்சு நிமிசத்துல ஆளு சாஞ்சிரலாம். ஆமா, என்ன என் வாயவே பாக்கீக? பல்லுல எதும் ஒட்டியிருக்கா?"

"மில்லு," என்றான் பாண்டிதுரை.

"அட, அப்படிச் சொல்லுங்க. எங்க மச்சானும் மில்லுதான். அவரு டிவி போட்டா எங்க தெருவே எந்திரிச்சிரும். எம்புட்டு பேஸு வேணும்?"

"எலும்புல கேக்கணும்."

அனஸ் மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "பெட்டியில போட்டிருக்கிறத நம்பாதீக. இன்னொருத்தன் பாட்டப் போட்டும் பாக்காதீக. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச சத்தத்தப் போட்டுக் கேளுங்க. தெரிஞ்ச சத்தத்துலதாண்ணே எது கூட, எது கொறச்சன்னு தெரியும்."

பாண்டிதுரைக்கு உலகில் நன்கு தெரிந்த ஒலி ஒன்றே. அதனை ஒலிக்கவிட்டான்.

முதலாவது, காதில் செருகும் வகை. கொசு சற்றே பெருத்து வண்டாயிற்று, அவ்வளவுதான். இரண்டாவது, காதின்மேல் அமரும் வகை. அதில் ஆலை தொலைவில் தெரிந்தது, மழைக்கு அப்பால் இருக்கும் மலையைப்போல. மூன்றாவது, கறுப்பு நிறம், கனமானது. காது முழுவதையும் உள்வாங்கி மூடிக்கொள்ளும் தடித்த மெத்தைகள் கொண்டது. அதை மாட்டியவுடன் கடை இல்லாமற்போயிற்று, தெரு இல்லாமற்போயிற்று, அனஸின் உதடுகள் கண்ணாடிக்கு அப்பால் நீந்தும் மீன்களாயின. பின்பு ஆலை வந்தது. பாதத்திலிருந்து வந்தது. முழங்கால் வழியே ஏறி, விலா எலும்புகளில் தங்கி, பற்களின் வேர்களில் முடிந்தது. பஞ்சு சீவும் எந்திரத்தின் அரைப்பு, நூற்கும் எந்திரங்களின் முழக்கம், ஈரக்காற்றைத் தள்ளும் பெருவிசிறிகளின் சுழற்சி என ஒவ்வொன்றையும் அவனால் பெயர் சொல்லி அழைக்க முடிந்தது.

அவை அனைத்திற்கும் கீழே, பெயரில்லாத ஒன்று இருந்தது.

அது எந்திரமன்று, எந்த எந்திரமும் அவ்வளவு மெதுவாக ஓடாது. நீளமாக ஏறிற்று, நின்றது, நீளமாக இறங்கிற்று. கனத்த உடல் ஒன்று மூச்சுவிடுவதைப்போல் இருந்தது. பாண்டிதுரை அதைக் கூர்ந்து கேட்க முயன்றான். அவன் கூர்ந்ததும், அது நின்றது. தன்னை ஒருவன் கேட்பதை அறிந்துகொண்டு, அதுவும் அவனைக் கேட்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல நின்றது.

அவன் அதைக் கழற்றி அனஸிடம் நீட்டினான். அவர் மாட்டிக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார்.

"மிஷின் சத்தந்தாண்ணே. வேற ஒண்ணும் இல்லையே."

அஞ்சவேண்டிய இடம் அது என்பது பாண்டிதுரைக்குத் தெரிந்தது. அச்சம் வரவில்லை. ஊசி போட்டு மரத்த ஈறை நாவால் தடவிப் பார்ப்பதுபோல், தன் நெஞ்சை ஒருமுறை தடவிப் பார்த்தான். வெறுமையாக இருந்தது. அந்த வெறுமைக்குள் உறக்கம் வந்து படுத்துக்கொண்டதையும் உணர்ந்தான்.

"இதக் குடுங்க."

"குடுக்கேன். ஆனா ஒண்ணு. இத மாட்டிட்டீகன்னா, பக்கத்துல வேட்டுப் போட்டாலும் தெரியாது. வீட்டுல ஆளு இருக்கும்ல?"

"இருக்கும்," என்றான் அவன்.

திங்கட்கிழமை காலை, கல்பனா புறப்பட்டபின், குழந்தையைத் தூளியில் இட்டு, கயிற்றை விரலில் முடிந்து, கறுப்பு மெத்தைகளைக் காதில் பொருத்திப் படுத்தான். இருபது நிமிடப் பதிவு முடிந்து முடிந்து மீண்டும் தொடங்குமாறு அமைத்திருந்தான். முதல் சுற்று முடிவதற்குள் உறங்கிப்போனான். கிணற்றில் போட்ட கல்லாக உறங்கினான்.

தோளைத் தொட்டு எழுப்பியவள் கல்பனா. மூன்று மணியாகியிருந்தது. அவளுடைய சேலையில் காய்ந்த பாலின் வாடை. கையில் பால்புட்டி. கணவனிடம் பேசும்போது அவளும் குரலை விட்டுவிட்டு உதடுகளை மட்டும் அசைக்கப் பழகியிருந்தாள்.

"ஏங்க, பால் அப்படியே இருக்கு. புள்ளைக்கு என்ன குடுத்தீங்க?"

அவன் எதுவும் கொடுக்கவில்லை. ஆறு மணி நேரம் அவன் எழவே இல்லை.

"அழுகல," என்றான்.

"அழுகலையா? வயிறு கும்முன்னு இருக்கே. பசியே இல்ல, குடுத்தா மூஞ்சியத் திருப்புறா." கல்பனா குழந்தையின் வயிற்றில் கைவைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் தூங்கியிருக்கா. நீங்களும் தூங்கிட்டீங்க போல. கண்ணு தெளிஞ்சிருக்கு."

குழந்தை நலமாக இருந்தாள். அவனும் நலமாக இருந்தான். அன்றிரவு ஒரு நூலும் அவனைத் தப்பவில்லை. சுந்தரபாண்டியன் இரண்டு முறை நிற்காமலே அவனைக் கடந்து சென்றார்.

செவ்வாய்க்கிழமை நண்பகலில், கயிறு அவனை எழுப்பியது.

புரளும் குழந்தையின் அசைவு கோணல்மாணலானது; ஒருமுறை வெடுக்கென்று இழுக்கும், பிறகு தொய்யும். இதுவோ சீராக இருந்தது. நீளமாக இழுத்தது, நின்றது, நீளமாக விட்டது. காதுக்குள் ஒலித்த அந்த மூச்சும், விரலில் கயிற்றின் இழுப்பும் ஒரே தாளத்தில் ஒத்துச் சென்றன. அவன் ஹெட்போனோடு எழுந்து தூளியை விலக்கிப் பார்த்தான். அகல்யா விழித்துக்கொண்டு, அசையாது மல்லாந்து கிடந்தாள். அவள் பார்வை அவனைத் தாண்டி மேலே இருந்தது. அவள் வாய் திறந்தது.

அவனுக்குக் கேட்டது.

தாழ்ந்த குரல். மிகத் தாழ்ந்த குரல். ஒரு குழந்தையின் மார்புக்குள் அடங்காத ஆழத்திலிருந்து எழுந்து, எந்திரங்களுக்குக் கீழே நகர்ந்து, அவனுடைய எலும்புக்குள் வந்து நின்ற குரல். அவள் வாய் மூடினால் அது ஓய்ந்தது, திறந்தால் எழுந்தது. ஹெட்போனைக் கழற்றினான்: அமைதி, அவள் வாய் மூடியிருந்தது. மாட்டினான்: வாய் திறந்தது, குரல்.

ஒன்பது மாதங்களில் முதன்முறையாகத் தன் மகளின் குரலைக் கேட்கிறான். அது அவளுடைய குரலாக இருக்க இயலாது என்று அறிவு சொல்லிற்று. ஆயினும் மரத்துக் கிடந்த நெஞ்சில் ஏதோ ஒன்று, உணர்வு திரும்பும் காலைப்போல, ஊசி ஊசியாய்க் குத்திற்று. அவன் அழுதான். எதற்காக என்று அவனுக்கே விளங்கவில்லை. தூளிக்குக் கீழே மண்டியிட்டு, கல்பனா வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்று மாலை கல்பனா குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஏதோ சொன்னாள். அவன் சுவரைப் பார்த்துச் சட்டைப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தான். பாதிதான் அவன் கண்ணில் பட்டது.

"...என்னமோ ரெண்டு நாளா புள்ள கனக்குறா. ஒடம்பும் சில்லுன்னு இருக்கு. நாளைக்கு..."

ஆலைப் பேருந்து வந்துவிட்டது. அவன் போய்விட்டான்.

புதன்கிழமை. காலை எட்டரைக்கெல்லாம் அவன் படுத்துவிட்டான். கல்பனா இன்னும் வீட்டிலேயே இருந்தாள்; தூளி கண்ணெதிரே தொங்கிற்று; வழக்கம்போல் விரலில் கயிற்றை முடிந்துகொண்டு, கறுப்பு மெத்தைகளைக் காதில் பொருத்திக்கொண்டான். முன்பெல்லாம் உறங்குவதற்காக அதை மாட்டினான். அன்று கேட்பதற்காக மாட்டினான்.

விழித்தபோது அறை மங்கலாக இருந்தது. வெளியே மழை கனத்திருக்க வேண்டும். சாளரத்தின் கம்பிகளில் நீர் வழிந்துகொண்டிருந்தது. ஈரச் சுவரின் வாடையோடு, இந்த வீட்டில் இருக்கக்கூடாத இன்னொரு வாடையும் இருந்தது: எந்திர எண்ணெயும், நெடுநாள் அள்ளப்படாமல் கிடந்த பஞ்சுத் தூசும் கலந்த, ஆலையின் கடைக்கோடி மூலைக்கு மட்டுமே உரிய வாடை. தூளி ஆடிக்கொண்டிருந்தது. கயிறு விரலை இழுத்தது, நின்றது, விட்டது. குரல் கேட்டது. முன்னைவிட நெருங்கி, முன்னைவிட நிறைந்து, அறையின் தரையெல்லாம் அதிரும்படி கேட்டது. கண்களை மூடிக்கொண்டு கேட்டான்.

நெடுநேரம் கேட்டபின், எந்திரங்கள் இல்லை என்பதை உணர்ந்தான்.

பஞ்சு சீவும் எந்திரம் இல்லை. நூற்கும் எந்திரங்கள் இல்லை. விசிறிகள் இல்லை. அந்தக் குரல் மட்டுமே இருந்தது. கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். திரை கறுத்திருந்தது. பொத்தானை அழுத்தினான். மின்கலம் தீர்ந்து, அது எப்பொழுதோ அணைந்துவிட்டிருந்தது.

ஹெட்போனைக் கழற்றினான்.

குரல் நிற்கவில்லை.

எழுந்து அமர்ந்தான். தூளியின் அடிப்பகுதி தாழ்ந்திருந்தது; காலையில் தரைக்கு மேல் முழ உயரத்தில் தொங்கிய துணி, இப்பொழுது தரையைத் தொடுவதற்கு நான்கு விரற்கடையே மீதமிருந்தது. விட்டத்துக் கொக்கி வளைந்திருந்தது. குழந்தை கனக்குறா என்றாளே.

"அகல்யா," என்றான்.

கயிறு நின்றது.

கேட்டுக்கொண்டிருக்கிறது.

அச்சம் அப்பொழுது வந்தது. ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்தது மொத்தமாக வந்தது. குழந்தை உள்ளே. அதோடு உள்ளே. கையை நீட்டினான். தூளியின் விளிம்பைப் பற்றினான். துணி சில்லென்று இருந்தது. விலக்க வேண்டும். விலக்கிப் பார்க்க வேண்டும். விரல்கள் மறுத்தன.

கதவு திறந்தது. மழை வெளிச்சம் தரையில் விழுந்தது.

வாசலில் கல்பனா. குடை சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தோளில், துண்டில் சுற்றிய குழந்தை. குழந்தையின் மேற்கையில் ஒரு சிறு பஞ்சு ஒட்டியிருந்தது.

"காலையிலயே சொன்னேனே, நீங்க தூங்கிட்டிருந்தீங்க," என்றன கல்பனாவின் உதடுகள். "ஒம்பதாம் மாசத்து ஊசி போட..."

உதடுகள் நின்றன. அவள் தூளியைப் பார்த்தாள். தாழ்ந்திருந்த துணியைப் பார்த்தாள். அவன் காலிலிருந்து செல்லும் கயிற்றைப் பார்த்தாள்.

"அப்ப உள்ள யாருங்க?"

கயிறு இழுத்தது. விரலில் முடிச்சு இறுகிற்று. அவன் இரு கைகளாலும் அவிழ்க்க முயன்றான். நகம் கறுத்திருந்தது. வலி இல்லை. கயிறு இழுத்தது. பாயோடு சேர்ந்து அவன் ஒரு முழம் நகர்ந்தான்.

"போ," என்றான். "புள்ளயத் தூக்கிட்டு வெளிய போ."

கல்பனா நகரவில்லை. நகர முடியவில்லை. அவள் தோளிலிருந்த அகல்யா தலையைத் திருப்பினாள். தூளியைக் கண்டாள். சிரித்தாள். பழகிய ஒருவரிடம் தாவுவதற்காக, இரு கைகளையும் நீட்டினாள்.

தூளியின் துணி, உள்ளிருந்து, அவளை நோக்கிப் புடைத்தது.

அப்பொழுது பகல் இரண்டு மணி இருபத்திரண்டு நிமிடம்.